பக்கத்தில் போகிற கப்பல் ஏன் இழுக்கிறது? (டைட்டானிக் – நியூயார்க் விவகாரம்)

மெரினாக்காற்று:
டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய கதை எல்லோருக்கும் தெரியும். அது கிளம்பிய அன்றைக்கே, 1912 ஏப்ரல் 10ஆம் தேதி, சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை விட்டு வெளியேறுவதற்குள் இன்னொரு கப்பலோடு மோத இருந்தது என்பதை நேற்றுதான் படித்தேன். கரையோரம் கட்டியிருந்த 'நியூயார்க்' என்ற கப்பலை டைட்டானிக் கடந்துபோனபோது, நியூயார்க்கின் கயிறுகள் வரிசையாக அறுந்து, அதன் பின்பக்கம் டைட்டானிக்கை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. 'வல்கன்' என்ற இழுவைப் படகு கயிறு போட்டுப் பிடித்ததால் சில அடி இடைவெளியில் தப்பினார்கள்.

என் சந்தேகம் இதுதான். கப்பல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. அப்படியானால் பக்கத்தில் நிற்பதையும் தள்ளிவிடத்தானே வேண்டும்? இழுத்தது எப்படி? புரொப்பல்லர் உறிஞ்சியதா?

இயற்பியல்வாத்தி:
புரொப்பல்லருக்கு இதில் சின்னப் பங்குதான். முக்கியக் காரணம் பெர்னௌலி தத்துவம். பதினொன்றாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஓட்டம் வேகமான இடத்தில் அழுத்தம் குறையும். இரண்டு கப்பல்களுக்கு நடுவே தண்ணீர் குறுகிய வழியில் வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, வெளிப்பக்க அழுத்தம் கப்பலை உள்ளே தள்ளுகிறது. அவ்வளவுதான்.

குறுக்குக்கேள்வி:
"அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்களே வாத்தியாரே. துறைமுகத்தில் தண்ணீர் சும்மா நிற்கிறது. ஓடுவது கப்பல்தான். வேகமாக ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கும் கட்டிப்போட்ட கப்பல், அதைச் சுற்றியும் ஓட்டம் இல்லை. பெர்னௌலி பெயரைச் சொன்னால் போதுமா?

இயற்பியல்வாத்தி:
நல்ல கேள்வி. டைட்டானிக்கின் மேல்தளத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் கப்பல் நிற்கிறது, தண்ணீர்தான் எதிரே ஓடி வருகிறது. முகப்பில் வந்து முட்டும் இடத்தில் வேகம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது, நீர்மட்டம் கொஞ்சம் உயர்கிறது. பிறகு அது கப்பலின் இரண்டு பக்கமும் வழிந்து போகும்போது முன்பைவிட வேகமாகப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வழியில் கப்பலின் உடல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நடுப்பகுதி நெடுக அழுத்தம் குறைவு, மட்டமும் தாழ்வு. பின்பக்கத்தில் ஓட்டம் மறுபடி சேரும் இடத்தில் அழுத்தம் ஏறும்.

இப்போது கரையில் இறங்கி நின்று அதையே பாருங்கள். நின்ற தண்ணீரில், கப்பலின் நடுப்பகுதி கடக்கும் நேரத்தில் மட்டும், கப்பல் போகும் திசைக்கு எதிராக ஒரு ஓட்டம் ஓடும். முகப்பு ஒதுக்கிய தண்ணீர் பின்பக்கத்தில் காலியாகிற இடத்தை நிரப்பப் போகிறது. எங்கே நின்று பார்த்தாலும் அழுத்தம் ஒன்றேதான். கப்பல் தன்னோடு ஒரு மேட்டையும், அதன் பின்னால் ஒரு நீளமான பள்ளத்தையும், கடைசியில் இன்னொரு மேட்டையும் கூடவே கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் தள்ளு, அப்புறம் இழுப்பு. உங்கள் "தள்ளத்தானே வேண்டும்" என்ற எண்ணம் முதல் சில நொடிகளுக்குச் சரி.

மண்வாரிக்காரன்:
வாத்தியார் சொல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் டிரெட்ஜரில், அதாவது ஆற்றடி மண்ணை வாரும் கப்பலில், வேலை பார்த்தவன், கொல்கத்தா பக்கம் ஹூக்ளி ஆற்றில். டயமண்ட் ஹார்பருக்கு மேலே ஆறு ஒடுங்கும். பெரிய கப்பல் ஒன்று ஏறி வந்தால் கரையில் கட்டிய நாட்டுப்படகு முதலில் லேசாக உயரும். கப்பல் நேருக்கு வந்ததும் கரையோரத் தண்ணீர் சர்ரென்று உள்வாங்கும், சேறு தெரியும், படகு தரை தட்டும். அப்புறம் மொத்தமும் திரும்பிப் பாயும். நாம் பயப்படுகிற அலை அதற்குப் பிறகுதான் வரும். உள்ளூர்க்காரர்கள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தவுடன் பிள்ளைகளைக் கரையேறச் சொல்லிக் கத்துவார்கள்.

கப்பல் மெதுவாக வந்தால் இது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் விரட்டி வந்தால் கட்டாயம் தெரியும்.

பழையமாலுமி:
நியூயார்க் சம்பவத்தில் இன்னொரு விஷயம் உண்டு தம்பி. அந்த நேரத்தில் பிரிட்டனில் நிலக்கரி வேலைநிறுத்தம். கரி இல்லாமல் கப்பல்கள் கிளம்ப முடியாமல் துறைமுகத்தில் அடைந்து கிடந்தன. இடம் போதாததால் 'ஓஷியானிக்' கப்பலுக்கு வெளிப்பக்கமாக நியூயார்க்கைக் கட்டியிருந்தார்கள். ஏற்கெனவே குறுகலான வழி அதனால் இன்னும் குறுகியது. ஆற்றின் ஆழமும் அதிகமில்லை. அதில் 269 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று நகர்ந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் ஏது? மேடு வந்தபோது நியூயார்க் எழும்பியது, கயிறுகள் இறுகின. பள்ளம் வந்தபோது சரிந்து இறங்கியது, கயிறுகள் போயின. கட்டு அறுந்த கப்பல் ஆற்றோட்டத்துக்கு விட்ட மாதிரிதான்.

இதைவிட முக்கியமான கதை அதற்கு ஏழு மாதம் முந்தையது. 1911 செப்டம்பர் 20. டைட்டானிக்கின் மூத்த சகோதரி 'ஒலிம்பிக்', கேப்டன் அதே எட்வர்ட் ஸ்மித், துறைமுக வழி காட்டுகிற பைலட்டும் அதே ஜார்ஜ் போயர். வைட் தீவுக்கு அருகே சோலண்ட் நீரிணையில் 'ஹாக்' என்ற போர்க்கப்பலுக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஹாக்கின் எடை 7,000 டன் சொச்சம், ஒலிம்பிக் 45,000 டன் வகை. ஒலிம்பிக் முன்னேறிப் போகப் போக, ஹாக்கின் முகப்பு ஒலிம்பிக்கின் பின்பகுதிக்கு நேரே வந்தது. உடனே ஹாக் திரும்பி நேராக ஒலிம்பிக்கின் வலது பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் முகப்பு எதிரியை இடிப்பதற்கென்றே செய்தது, கேட்க வேண்டுமா? உயிர்ச்சேதம் இல்லை. ஒலிம்பிக் பெல்ஃபாஸ்ட்டுக்குப் பழுதுபார்க்கப் போனது. அதனால் டைட்டானிக் வேலை தள்ளிப்போய், மார்ச் 20இல் கிளம்ப வேண்டியது ஏப்ரல் 10 ஆனது.

மெரினாக்காற்று:
சார், ஹாக் ஏன் திரும்பியது? இழுப்பு என்றால் மொத்தக் கப்பலும் பக்கவாட்டில் அல்லவா போய் ஒட்ட வேண்டும்?

வரைபலகை:
கப்பல் வடிவமைப்பு என் தொழில், அதனால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு கப்பல்களின் நடுப்பகுதிகளும் நேருக்கு நேர் இருக்கும்போது நீங்கள் சொல்வதுபோல மொத்தமாகத்தான் இழுக்கும். ஆனால் சின்னக் கப்பல் பின்தங்கி, அதன் முகப்பு மட்டும் பெரிய கப்பலின் பள்ளத்துக்குள் இருக்கிறது, அதன் பின்பக்கம் பெரிய கப்பலின் பின்மேட்டுக்கு அருகே இருக்கிறது என்று வையுங்கள். மூக்கை உள்ளே இழுக்கிறது, வாலை வெளியே தள்ளுகிறது. இது சுக்கான் போடாமலேயே கப்பலைத் திருப்புகிற விசை. ஹாக்கில் எதிர்ப்பக்கம் சுக்கான் போட்டும் கப்பல் கேட்கவில்லை என்பதுதான் பிறகு நடந்த வழக்கில் கடற்படையின் வாதம்.

அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் 1909இலேயே மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இணையாக ஓட்டி இந்த உறிஞ்சலை அளந்து வெளியிட்டிருந்தார். அவர் கருத்தும் வழக்கில் வந்தது. ஒலிம்பிக்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது, ஒலிம்பிக்கின் கம்பெனி பிரபுக்கள் சபை வரை (அன்றைக்கு பிரிட்டனின் கடைசி மேல்முறையீடு அங்கேதான்) போயும் மாறவில்லை. பெரிய கப்பல் ஓட்டுகிறவன் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீருக்கும் பொறுப்பு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றும். ஆனால் சுமையெல்லாம் ஒலிம்பிக் மேல் போட்டது சரியா என்று கேட்டால், ஹாக் அவ்வளவு நெருக்கமாகப் போயிருக்க வேண்டியதில்லை என்பேன்.

குறுக்குக்கேள்வி:
நெடுஞ்சாலையில் லாரி முந்தும்போது பைக் ஆடுகிற அதே கதைதானே? அது ஒரு நொடியில் முடிந்துவிடும். நடுக்கடலிலும் இந்த இழுப்பு உண்டா? அப்படியானால் கடற்படைக் கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டே எண்ணெய் நிரப்புகிறார்களே, அது எப்படி?

பழையமாலுமி:
உண்டு, அதனால்தான் அது சுலபமான வேலை இல்லை. 12 முதல் 15 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), சுமார் 50 மீட்டர் இடைவெளியில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். சுக்கானில் இருப்பவர் நேர்க்கோட்டில் போவதற்கே இடைவிடாமல் திருத்திக்கொண்டிருப்பார். இணையாக நிலைத்து ஓடும் நேரத்தைவிட நெருங்கும் நேரமும் விலகும் நேரமும்தான் ஆபத்து. ஹாக் இருந்த இடத்தைக் கடந்துதானே உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும்.

வரைபலகை:
நடுக்கடலில் ஒரு வசதி இருக்கிறது. முகப்பு ஒதுக்குகிற தண்ணீருக்குக் கப்பலின் அடியிலும் வழி உண்டு. கீலுக்கு, அதாவது கப்பலின் அடிமுதுகுக்கு, கீழே ஆயிரம் மீட்டர் இருந்தால் ஓட்டம் எல்லாத் திசையிலும் பரவிப்போகும், பக்கத்தில் அழுத்த மாற்றம் கொஞ்சம்தான், அதுவும் தூரம் போகப் போகச் சட்டென்று தேய்ந்துவிடும். கீலுக்குக் கீழே இரண்டு மீட்டர்தான் என்றால் அடிவழி அடைபடும். எல்லாத் தண்ணீரும் பக்கவாட்டில் போயாக வேண்டும், இழுப்பு எட்டுகிற தூரமும் கூடும். மிச்சம் இருக்கிற அந்த இரண்டு மீட்டரில் ஓடுவது படுவேகமாக ஓடும். அங்கே அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும், கப்பலைக் கீழே இழுக்கும். இதற்கு ஸ்குவாட் என்று பெயர், கப்பல் ஓட ஓட அமிழ்வது.

துறையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது பாரஸ் என்ற கப்பலியல் வல்லுநர் கொடுத்த சுருக்கச் சூத்திரம். வேகத்தை நாட் கணக்கில் எடுத்து இருமடி செய்து, கப்பலின் பருமன் கெழுவால் (மூழ்கிய உடல் எவ்வளவு பெட்டி மாதிரி தடித்தது என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, ஆழம் குறைந்த திறந்த நீர் என்றால் 100ஆல், ஒடுங்கிய வழி என்றால் 50ஆல் வகுத்தால் அமிழ்வு மீட்டரில் வரும். டேங்கர் மாதிரி தடித்த கப்பலுக்குக் கெழு 0.8. கால்வாயில் 10 நாட் ஓடினால் 1.6 மீட்டர் அமிழும். 5 நாட் ஆக்கினால் 0.4 மீட்டர்தான். பாதி வேகம், கால் பங்கு அமிழ்வு. தடித்த கப்பல் முகப்புப் பக்கம் அதிகம் அமிழும், ஒல்லிக் கப்பல் பின்பக்கம்.

பழையமாலுமி:
குயின் எலிசபெத் 2 மாட்டிக்கொண்டது இதில்தான். 1992 ஆகஸ்ட் 7, இரவு. மாசசூசெட்ஸ் கடலோரம், கட்டிஹங்க் தீவுப் பக்கம். கப்பலின் டிராஃப்ட், அதாவது மூழ்கிய ஆழம், 32 அடி வாக்கில், வரைபடத்தில் ஆழம் 39 அடி என்று போட்டிருந்தது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் இருந்தவர்களுக்குப் போதுமான இடைவெளி என்று தோன்றியிருக்கும். வேகம் 24 நாட் அளவு. அடியில் தட்டியது, நீளத்துக்குக் கிழிந்தது. வரைபடமே பழைய அளவீட்டில் போட்டது, அதில் இல்லாத பாறைகள் கீழே இருந்தன. அந்த வேகத்துக்கு எவ்வளவு அமிழும் என்பதையும் குறைவாக நினைத்திருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. யாருக்கும் காயமில்லை. அந்தக் கப்பல் இப்போது துபாயில் ஹோட்டலாக நிற்கிறது, இனி அமிழாது.

என் காலத்தில் பைலட் ஏறியதும் முதலில் கேட்பது டிராஃப்ட். அடுத்த வார்த்தை பெரும்பாலும் "வேகத்தைக் குறை". புதிதாக வந்த மூன்றாம் அதிகாரிகள் இவருக்கு என்ன பயம் என்று முகம் சுளிப்பார்கள். ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரில் கீலுக்குக் கீழே இருக்கும் எண் வேகத்தோடு சேர்ந்து இறங்குவதை ஒருமுறை பார்த்தால் முகம் சரியாகிவிடும்.

மெரினாக்காற்று:
அப்படியானால் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்ற எவர் கிவன் கப்பல்? காற்று என்றுதானே செய்தியில் சொன்னார்கள்?

வரைபலகை:
2021 மார்ச் 23. காற்று பலமாக இருந்தது, மணல் புயல், அடுக்கிய கண்டெய்னர்கள் பெரிய பாய் மாதிரி. அதில் மறுப்பில்லை. காற்று, வேகம், கரை விளைவு (கிட்டே இருக்கும் கரை கப்பலை இழுத்துத் திருப்புவது), எதற்கு எத்தனை பங்கு என்பதில் வல்லுநர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது. தண்ணீர்க் கணக்கை மட்டும் நான் போட்டுக் காட்டுகிறேன், பெர்னௌலி போதும்.

கப்பல் 59 மீட்டர் அகலம், மூழ்கிய ஆழம் 15.7 மீட்டர். குறுக்கு வெட்டு 920 சதுர மீட்டர் சொச்சம். கால்வாயின் நீர்க் குறுக்கு வெட்டை 5,000 சதுர மீட்டர் என்று வைப்போம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கப்பலே அடைத்துவிட்டது. மிச்ச வழியில் தண்ணீர் 1.23 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். கப்பலின் வேகம் 13 நாட் என்றால், அதாவது நொடிக்கு 6.7 மீட்டர், பக்கத்தில் ஓட்டம் 8.2 மீட்டர். இருமடிகளின் வித்தியாசத்தை 19.6ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8இன் இரட்டிப்பு) வகுத்தால் நீர்மட்டம் 1.1 மீட்டர் இறங்கும். அதே கப்பல் 8 நாட் வேகத்தில் போனால் 0.4 மீட்டர் சொச்சம். அங்கே வேக வரம்பு அந்த 8 சொச்சத்தில்தான் இருக்கிறது. கப்பல் 13ஐத் தொட்டது என்று கண்காணிப்புத் தரவுகள் காட்டின.

இதுவும் குறைவான கணக்கு. மட்டம் இறங்கினால் வழி இன்னும் ஒடுங்கும், ஓட்டம் இன்னும் வேகமாகும், மட்டம் இன்னும் இறங்கும். ஒரு எல்லைக்கு மேல் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் கப்பல் வேகம் கூடாது, கால்வாய்த் தண்ணீரைப் புரட்டுவதற்கே போகும்.

அப்புறம் கப்பல் நட்டநடுவில் போகாமல் ஒரு கரைக்குக் கிட்டே போனால் அந்தப் பக்க வழி மறு பக்கத்தைவிடக் குறுகல். பின்பகுதியை அருகிலுள்ள கரை இழுக்கும். முகப்பிலோ தண்ணீர் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே திரண்டு நிற்பதால் மூக்கை எதிர்க் கரைப் பக்கம் தள்ளும். எவர் கிவன் மூக்கு கிழக்குக் கரையில், வால் மேற்குக் கரைப் பக்கம் என்று நின்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

இயற்பியல்வாத்தி:
மாணவர்களுக்கு இந்தக் கணக்கையே கொடுக்கப் போகிறேன். எத்தனை நாள்தான் பாடப்புத்தகத்தின் தெளிப்பானையே காட்டுவது?

குறுக்குக்கேள்வி:
ஒரு கிளைக் கேள்வி. முகப்பில் அழுத்தம் கூடுகிறது, பின்னாலும் கூடுகிறது என்றீர்கள். முன்னால் தள்ளுவதும் பின்னால் தள்ளுவதும் சமமானால் கப்பலுக்குத் தடையே இருக்கக் கூடாதே?

இயற்பியல்வாத்தி:
1752இல் டாலம்பெர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை கணக்குப் போட்டு இதே இடத்தில்தான் முழித்தார். பிசுபிசுப்பே இல்லாத தண்ணீரில் முழுக்க மூழ்கிய பொருளுக்குத் தடை பூஜ்யம் என்று வந்தது. நிஜத்தில் எவனும் துடுப்பு போடாமல் போனதில்லை. விடை 1904இல் ஜெர்மன் விஞ்ஞானி பிராண்டில் சொன்னது. உடலை ஒட்டிய மெல்லிய அடுக்கில் தண்ணீர் உராய்ந்து வேகத்தை இழக்கிறது. பின்பக்கம் அழுத்தம் ஏறுகிற இடத்தில் அந்தச் சோர்ந்த அடுக்கால் ஏற முடியாமல் உடலை விட்டுப் பிரிந்து சுழல்களாகிவிடுகிறது. பின்னாலிருந்து தள்ள வேண்டிய அழுத்தம் முழுசாகத் திரும்பி வராது. அதனால்தான் மூக்கைவிட வாலை மெல்லக் குறுக்குவது முக்கியம். மேற்பரப்பில் போகிற கப்பலுக்கு அலை எழுப்புகிற செலவு தனி.

வரைபலகை:
ஆழத்தில் போகும் நீர்மூழ்கிக்கு அந்த அலைச் செலவு கிடையாது. 1953இல் அமெரிக்காவில் 'ஆல்பகோர்' என்று துளி வடிவத்தில் ஒரு நீர்மூழ்கியை இறக்கியபோது, நீருக்கடியில் அதன் வேகம் பழைய வடிவங்களை ஓரம் கட்டியது. அதே நீர்மூழ்கி மேற்பரப்புக்குக் கிட்டே வந்தால் மேலே இழுபடும். இங்கே கரைக்குப் பதில் தண்ணீரின் மேற்பரப்பு.

காவிரிக்கரை:
கப்பல் இழையில் பாலத்தைப் பற்றிக் கேட்கலாமா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து, மேலே இருந்த பகுதியும் ஆற்றில் விழுந்தது. தண்ணீர் தூணைத் தள்ளிச் சாய்த்ததா, அடியில் பறித்ததா?

வரைபலகை:
அந்தத் தூணுக்குத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. பொதுவாக வெள்ளத்தில் தூண் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடிமண் பறிப்பு. ஆற்றில் மேல்மட்டத் தண்ணீர் வேகமாகவும் அடிமட்டத் தண்ணீர் மெதுவாகவும் ஓடும். தூணில் முட்டும்போது மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அதனால் தூணின் முன்முகத்தை ஒட்டித் தண்ணீர் நேராகக் கீழே இறங்கி மணலைத் தோண்டும். அந்தத் தண்ணீரே குதிரை லாட வடிவில் தூணை இருபுறமும் சுற்றிக்கொண்டு பின்னால் போகும் சுழல் ஆகிறது. கொடுமை என்னவென்றால் வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் மணல் மறுபடி வந்து நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் திடமாகத் தெரியும். குழியின் முழு ஆழம் வெள்ளம் ஓடும்போது மட்டும்தான் இருக்கும்.

மண்வாரிக்காரன்:
உண்மை. நாங்கள் வாரி எடுத்த இடத்தில் அடுத்த வெள்ளம் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போகும். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே.

மெரினாக்காற்று:
கடைசியாக ஒன்று. கட்டிப்போட்ட கப்பலில் நாம் இருக்கிறோம், பெரிய கப்பல் ஒன்று கடந்து போகப் போகிறது. செய்ய ஏதாவது உண்டா, கயிறு அறுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

பழையமாலுமி:
செய்ய நிறைய உண்டு. கயிறுகள் எல்லாம் ஒரே அளவு இறுக்கமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். தளர்ந்த கயிறு இருந்தால் கப்பல் கொஞ்சம் ஓடி வேகம் எடுத்து, பிறகு மொத்தமும் ஒரு கயிற்றில் வந்து விழும். ஒன்று போனால் அதன் சுமை அடுத்ததற்கு, நியூயார்க்கில் நடந்த மாதிரி வரிசையாகப் போகும். கப்பல் கடக்கும் நேரத்தில் கரைக்குப் போட்ட கேங்வே படியில் ஆள் இறங்கக் கூடாது, எண்ணெய்க் குழாய் மாட்டியிருந்தால் கண் அங்கேயே இருக்க வேண்டும். கயிறு இழுபடும் கோட்டில் யாரும் நிற்கவே கூடாது, அறுந்த கயிறு காலை எடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டு மெதுவாகக் கடக்கச் சொல்ல வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை, பைலட்டுகள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மெரினாக்காற்று:
நன்றி சார், எல்லோருக்கும் நன்றி. கப்பல் மூக்குக்குக் கீழே இருக்கிற அந்த உருண்டையும் இந்த மேடு பள்ளக் கணக்குதானா?

வரைபலகை:
ஆமாம், ஆனால் அது அலையை அலையால் அடிக்கிற வேலை, இங்கே ஆரம்பித்தால் ஒரு வாரம் ஓடும். தனி இழை போடுங்கள், வருகிறேன்.